எங்கள் ஆர்டி 350 இஞ்சினைக் கட்டித் தந்தவர்களுக்கு நன்றி

பெரியோர்களுக்கும், கூட நின்ற நண்பர்களுக்கும், ஒறம்பரை சனத்துக்கும் வணக்கம்.

கோயமுத்தூர் செட்டிபாளையம் ரேஸ் ட்ராக்கில் பழைய டூ ஸ்ட்ரோக் வண்டிகள் ஓடிய நாளில், எங்கள் சித்தப்பாவின் ராஜ்தூத் 350 கடைசிச் சுற்று வரைக்கும் ஓடி, வந்த சத்தத்தோடேயே பிட்டுக்குத் திரும்பியது. ஓட்டியவன் தம்பி. இஞ்சினைக் கட்டியது நான் என்று பலரும் கைகொடுத்தார்கள். அந்தப் பாராட்டை நான் ஒருத்தியாக வைத்துக்கொள்வது நியாயமில்லை. உதவிய யாரும் பேர் போடச் சம்மதிக்கவில்லை. அதனால் தொழிலையும் ஊரையும் வைத்தே உங்களைக் கூப்பிடுகிறேன், கோவித்துக்கொள்ள வேண்டாம்.

வண்டியைத் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. யமஹா ஆர்டி 350-ஐத்தான் எஸ்கார்ட்ஸ் கம்பெனி ராஜ்தூத் 350 என்ற பேரில் 1983 முதல் 1990 வாக்கு வரை இந்தியாவில் செய்தது. இரண்டு சிலிண்டர், 347 சிசி, 64 மில்லிமீட்டர் போர், 54 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், ஆறு கியர். முதலில் வந்த ஹை டார்க் 30.5 குதிரைத்திறன். மைலேஜுக்காகப் பின்னால் இறக்கிய லோ டார்க் 27. சித்தப்பா வாங்கியது 1987-ஆம் வருடத்து லோ டார்க். தோட்டத்துச் சாளையில் உர மூட்டைகளுக்குப் பின்னால் வெகு காலம் நின்ற வண்டி அது. சாவியை என் கையில் கொடுத்து, "ஓட்டறதுக்கு ஆளிருந்தா ஓட்டுங்க கண்ணு, வித்துப்போடாதீங்க" என்றார். சித்தப்பா, முதல் நன்றி உங்களுக்கு.

அடுத்த நன்றி உக்கடம் பழைய ஸ்பேர் பார்ட்ஸ் கடை பாய்க்கு. கியர் செட் தேடி அவர் கடைக்குப் போனபோது, கையிலிருந்த ஒரு செட்டை எடுத்துத் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துவிட்டு மறுபடியும் உள்ளேயே வைத்துவிட்டார். "கியரோட கியர் கோக்கற பல்லு, இந்த டாக் முனை, உருண்டு போச்சும்மா. ரோட்டுக்குத் தாங்கும். ரேஸுக்கு இதைத் தர மாட்டேன்." விற்றிருந்தால் நான் வாங்கித்தான் இருப்பேன். நல்ல செட் ஒன்று கிடைத்ததும் அவராகவே கூப்பிட்டுச் சொன்னார்.

இந்த வேலை முழுக்க இப்படித்தான் நடந்தது. வேண்டாம் என்றும், போதும் என்றும் சரியான இடத்தில் சொல்லத் தெரிந்தவர்கள் கையில்தான் இந்த இஞ்சின் உருவானது. கோயமுத்தூரில் லேத் ஓட்டுபவர், மோல்டு கட்டுபவர், மோட்டார் சுற்றுபவர் என்று யாரிடம் போனாலும் அந்தப் பழக்கம் இருக்கிறது. பம்ப் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்கிறவள் நான். அளவைப் பார்க்க எனக்குத் தெரியும். எந்த அளவில் நிறுத்த வேண்டும் என்பதை இவர்களிடம்தான் படித்தேன்.

கணபதி லேத் பட்டறை அண்ணனுக்கு வருகிறேன். பிஸ்டன் ஏறி இறங்குவதைச் சுழற்சியாக்கும் தண்டுதான் கிராங்க். ஆர்டியில் அது, வெப் என்கிற நாலு இரும்பு வட்டுகளை இரும்புப் பின்களில் அழுத்தி ஏற்றியது. கனெக்டிங் ராடு மாற்றுவதென்றால் மொத்தத்தையும் பிரஸ்ஸில் பிரித்துத் திரும்பக் கோக்க வேண்டும். கோத்த பிறகு அச்சு நேராக இருக்காது. வி-பிளாக்கில் கிடத்தி, டயல் கேஜை வைத்து, எங்கே கோணுகிறதோ அங்கே செப்புச் சுத்தியலால் ஒரு தட்டு. மறுபடி சுற்றிப் பார்க்க வேண்டும். மறுபடி தட்டு. 0.03 மில்லிமீட்டருக்குள் வந்தால் போதும் என்பது என் எண்ணம். அண்ணன் அந்த இடத்தில் நிற்கவில்லை. நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்று (ஆர்பிஎம்) பக்கம் சுற்றப்போகிற கிராங்குக்கு அது போதாது என்று சொல்லி, கடைசி பம்ப் ஷாஃப்ட் வேலையும் முடிந்து ஆட்கள் கிளம்பிய பின் தனியாக உட்கார்ந்து தட்டினார். முள் அசைந்ததா இல்லையா என்று கண்ணைச் சுருக்கிப் பார்க்கிற அளவுக்குக் கொண்டுவந்துதான் விட்டார். கூலி கேட்டபோது, "ட்ராக்குல கிராங்க் சத்தம் கேக்காம வந்துச்சுன்னா அதே கூலி" என்றார். கேட்கவில்லை அண்ணா. வந்து கேட்டுப் பாருங்கள்.

சிலிண்டர் வேறு கதை. அலுமினியத் துடுப்புகளுக்குள் வார்ப்பிரும்புக் குழாய், அதுதான் ஸ்லீவ். தேய்ந்த துளையைக் கடைந்து பெரிதாக்கும் போரிங்கை, ஓவர்சைஸ் அத்தனைக்கும் ஏற்கெனவே போட்டு முடித்திருந்தார்கள். புது ஸ்லீவ் ஒன்றே வழி. சிங்காநல்லூர் வார்ப்படக்கார மாமா, அச்சைச் சுழலவிட்டு இரும்பை ஊற்றும் முறையில் எங்களுக்கென்றே இரண்டு குழாய் வார்த்துக் கொடுத்தார். அப்படி ஊற்றினால் கசடும் காற்றுக் குமிழும் உள்பக்கம் ஒதுங்கும், போரிங்கில் அது கழிந்துபோகும் என்று அவர் விளக்கியபோது, அவர் பட்டறையில் தினமும் நடக்கிற இந்த வேலையின் அருமை புரிந்தது.

ஸ்லீவை இறக்க அலுமினியத்தைச் சீராகச் சுட வைக்க வேண்டும், 200 டிகிரி பக்கம். கேஸ் விளக்கைக் காட்டினால் ஒரு பக்கம் அதிகம் விரிந்து கோணிவிடும். நாலு பக்கமும் ஒரே சூடு வேண்டும். ஒண்டிப்புதூர் பேக்கரி அண்ணன் ராத்திரி பன் எடுத்து முடித்ததும் தன் ஓவன் அடுப்பை எங்களுக்கு விட்டுக்கொடுத்தார். எண்ணெய் வாடை ஒட்டாமல் இருக்க, முந்தின நாளே சிலிண்டரை எண்ணெய் போகக் கழுவி எடுத்துப் போயிருந்தோம். கையுறை போட்டுத் தூக்கி வைத்ததும் ஸ்லீவ் தன் எடையிலேயே 'டொக்' என்று உட்கார்ந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக் கடைப் பையன்கள் கைதட்டினார்கள். தேங்காய் பன்னும் டீயும் தந்துதான் அனுப்பினார்கள்.

உள்சுவரைத் தேய்த்துச் சீராக்கும் ஹோனிங் முடிந்ததும், போர்ட் என்கிற, கலவையும் புகையும் போய்வரும் சுவர்த் துளைகளின் விளிம்புகளை எல்லாம் கையால் சாய்த்து மழுக்க வேண்டும். கூர்மையாக விட்டால் பிஸ்டன் ரிங் மாட்டி உடையும். அந்தப் பொறுமையான வேலையைச் செய்த பீளமேடு டூல் ரூம் தங்கைக்கு நன்றி.

இனி, பெரியவர். சோழவரம் விமானத் தளத்தில் ரேஸ் நடந்த காலத்தில் இங்கிருந்து வண்டிகளை லாரியில் ஏற்றிக்கொண்டு போய் மெக்கானிக்காக நின்றவர். நாங்கள் அப்பாரு என்றுதான் கூப்பிடுகிறோம். புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் போர்ட்டை எவ்வளவு உயர்த்துவது என்று எங்கள் வீட்டுத் திண்ணையில் நடந்த பேச்சை நான் மறக்க முடியாது. போர்ட்டை உயர்த்தினால் புகை சீக்கிரம் வெளியேறும், மேல் ஆர்பிஎம்மில் பலம் கூடும். தம்பியும் அவன் கூட்டாளிகளும் முடிந்தமட்டும் உயர்த்தச் சொன்னார்கள். அப்பாரு, கோணம் குறித்த வட்டத் தகடான டிகிரி சக்கரத்தைக் கிராங்க் முனையில் மாட்டிச் சுற்றிக் காட்டினார். "சோழவரத்துல நீள நேர் ரோடு இருந்துச்சு, அங்க அப்படி வெட்டுனோம். செட்டிபாளையம் 2.1 கிலோமீட்டர். ஒரு வளைவுல இருந்து எந்திரிக்கறதுக்குள்ள அடுத்த வளைவு வந்துரும். மேல மட்டும் இழுக்கற இஞ்சினை வெச்சுட்டு அங்க என்ன பண்ணுவீங்க? நடுவுல இழுக்கோணும் அம்முணி. அரைச்சது அரைச்சதுதான், திருப்பி ஒட்ட முடியாது." குறைவாகத்தான் அரைத்தோம். வளைவு விட்டு வெளியே வரும்போது தம்பி மற்றவர்களை நெருங்கிய இடமெல்லாம் அப்பாரு விட்டுவைத்த இரும்புதான்.

தம்பிக்கு அவர் தனியாகச் சொன்னது ஒன்று உண்டு: "கிளட்ச் மேல ரெண்டு வெரலு எப்பவும் இருக்கோணும் சாமி." டூ ஸ்ட்ரோக்கில் பிஸ்டன் சூடேறி சிலிண்டரில் இறுகிக்கொண்டால் பின் சக்கரம் பூட்டிவிடும், அப்புறம் கிளட்ச்சைத் தேடிப் பிடிக்க நேரம் கிடையாது. அவன் கடைசி வரை விரலை எடுக்கவில்லை. வீட்டில் உள்ளவர்கள் சார்பாக இதற்கு நன்றி சொல்கிறேன், அப்பாரு.

பல்லடம் டிங்கரிங் அண்ணன் நூற்பாலைகளுக்குக் காற்று டக்ட் செய்கிறவர். தகட்டைக் கூம்பாக உருட்டுவது அவருக்குத் தினசரி வேலை. சைலன்சரை நடுவில் பருத்து இரண்டு முனையிலும் ஒடுங்கச் செய்யச் சொன்னபோது, ஏன் இந்த வடிவம் என்று கேட்டார். கேட்டதற்காகவே எனக்கு அவரைப் பிடித்துப்போனது. சிலிண்டரிலிருந்து வரும் புகையின் அழுத்த அலை விரியும் கூம்பில் நுழையும்போது, அங்கிருந்து ஓர் இழுப்பு அலை திரும்பி வந்து சிலிண்டரைக் காலி செய்ய உதவுகிறது. பின்னால் ஒடுங்கும் கூம்பில் மோதும் அலையோ தள்ளிக்கொண்டு திரும்புகிறது. வெளியே தப்பிய புதுப் பெட்ரோல்-காற்றுக் கலவையை, போர்ட் மூடும் முன் உள்ளே திணித்துவிடுகிறது. கூம்பின் நீளம்தான் எந்த ஆர்பிஎம்மில் இது நடக்கும் என்று தீர்மானிக்கிறது.

இதை ரேஸுக்கு ஒழுங்குபடுத்தியவர் கிழக்கு ஜெர்மனியின் எம்இசட் கம்பெனியில் இருந்த வால்டர் காடன். 1961-இல் அவருடைய 125 சிசி இஞ்சின் 25 குதிரைத்திறன் தந்தது, லிட்டருக்கு 200. அதே வருடம் அவருடைய ஓட்டுநர் எர்ன்ஸ்ட் டெக்னர், சுவீடன் ரேஸின்போது தப்பி வெளியேறி சுசுகியில் சேர்ந்தார். அடுத்த வருடம் 50 சிசி உலகப் பட்டம் சுசுகிக்கு. ஜப்பான் டூ ஸ்ட்ரோக் வண்டிகளின் வேகத்தில் காடனின் உழைப்பும் கலந்திருக்கிறது. பல்லடம் அண்ணன் இதைக் கேட்டுக்கொண்டே கூம்பு உருட்டினார். அடுத்த நாள் அவரே கூப்பிட்டு, வளைவில் வெல்டு உள்பக்கம் துருத்தினால் அலை கெடுமா என்று கேட்டார். கெடும் என்றேன். உள்ளே ஒரு பொட்டு வெல்டு கூடத் துருத்தாமல் வைத்துக் கொடுத்தார்.

மருத்துவர் அக்காவை விடக் கூடாது. டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் சுற்றும் பெட்டியான கிராங்க்கேஸ் காற்றுப் புகாமல் இருக்க வேண்டும். தண்டைச் சுற்றி அடைக்கும் சீல் கசிந்தால் கலவை நீர்த்து பிஸ்டன் உருகும். ஆறு பிஎஸ்ஐ பக்கம் காற்றடித்து நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆனால் டயருக்குக் காற்றுப் பிடிக்கிற மீட்டரில் அவ்வளவு சின்ன அழுத்தத்தை நம்ப முடியாது. அக்கா தன் கிளினிக்கில் ஓரங்கட்டிய பிபி கருவியைப் பம்போடு கொடுத்தார். அதில் 300 மில்லிமீட்டர் பாதரசம் என்பது ஏறக்குறைய 5.8 பிஎஸ்ஐ. கச்சிதம். ஆர்டியின் நடு சீல் உரசாத வகை. ஒரு பக்கம் அடித்தால் காற்று அடுத்த பக்கம் போய்விடும். இரண்டு சிலிண்டரின் வாய்களையும் டியூப் ரப்பரால் அடைத்து ஒன்றாகத்தான் சோதித்தோம். சோப்புத் தண்ணியில் இடது சீல் பக்கம் குமிழி வந்தது. மாற்றிய பின் முள் நின்ற இடத்தில் நின்றது. பார்த்த அக்காவுக்கும் எங்களுக்கும் ஒரே சந்தோஷம்.

ஈயக் கம்பி நசுக்கி, பிஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள ஸ்குவிஷ் இடைவெளி பார்த்த நண்பர்கள், பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசிய காலையில் கார்புரேட்டரில் பெட்ரோல் விடும் ஜெட்டை மாற்றி மாற்றிப் பிளக்கின் நிறம் படித்துக் கொடுத்தவர், ட்ராக் ஓரம் வெயிலில் கொடி பிடித்து நின்ற மார்ஷல்கள், நாள் முழுக்க வேலை வராமல் காத்திருந்த ஆம்புலன்ஸ்காரர்கள், எல்லோருக்கும் நன்றி.

ஊருக்கும் சொல்ல வேண்டும். கலங்கலில் பிறந்து, ஒரு ரட்ஜ் மோட்டார் சைக்கிளை வாங்கிப் பிரித்து மாட்டி இயந்திரம் படித்த ஜி.டி. நாயுடுவின் மண் இது. ஃபார்முலா மாருதி காரை வடிவமைத்து, 1995-இல் விமான விபத்தில் மறைந்த கரிவர்தன் பேரில்தான் நாங்கள் ஓட்டிய ட்ராக் நிற்கிறது. ரோட்டில் உயிரைப் பணயம் வைக்காமல் வேகத்தைப் பழக எங்கள் பிள்ளைகளுக்கு ஓர் இடம் செய்து வைத்தவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறோம்.

ஓட்டம் முடிந்து இஞ்சினைத் திறந்து பார்த்துவிட்டோம். பிஸ்டன் தலை இரண்டும் ஒரே பழுப்பு, ரிங்குகள் எல்லாம் காடியில் ஒட்டாமல் இருக்கின்றன, போர்ட் விளிம்பில் கீறல் இல்லை. எடுத்த அளவுகள் அத்தனையும் நோட்டில் இருக்கின்றன. ஆர்டியோ, ஆர்எக்ஸ் 100-ஓ, யெஸ்டியோ கட்டுகிற யார் வேண்டுமானாலும் வந்து பார்த்து எழுதிக்கொள்ளலாம். டிகிரி சக்கரமும் பிபி கருவியும் இரவலுக்கு உண்டு.

வரும் ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா சாளையில் மதியச் சாப்பாடு வைத்திருக்கிறோம். அரிசிம்பருப்புச் சோறு, தோட்டத்து இளநீர். உக்கடம் பாய் குடும்பத்தோடு வர வேண்டும், பேக்கரி அண்ணன் கடையைப் பையன்களிடம் விட்டுவிட்டு வர வேண்டும், அப்பாருவைக் கூட்டிவர தம்பி காரோடு வருவான். சாப்பிட்டு முடிந்ததும் வண்டியை ஸ்டார்ட் பண்ணுவோம். கணபதி அண்ணா, நீங்கள் கிராங்க் பக்கம் காதை வைத்துக் கேட்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் அம்முணி