2024 செய்தி வினாடி வினா: ஞாயிறு மாலை 5 மணி

எல்லோருக்கும் வணக்கம். டிசம்பர் 29 அன்று நம் கிளப் ஹவுஸில் வினாடி வினா. அணிக்கு நான்கு பேர், ஒரே வீட்டிலிருந்து இரண்டு பேருக்கு மேல் வேண்டாம். உள்ளே வரும்போது கைபேசிகள் வாசலில் இருக்கும் எவர்சில்வர் தூக்குக்குள் போய்விடும்.

குகேஷ் 18 வயதில் டிங் லிரனை வென்று உலக செஸ் சாம்பியன் ஆனதெல்லாம் குழந்தைகளுக்கே தெரியும். எத்தனையாவது ஆட்டத்தில் முடிந்தது என்றுதான் கேட்போம். பாரிஸ் பாராலிம்பிக்ஸில் மாரியப்பன் வெண்கலம் வாங்கினார், சரி. ரியோவிலும் டோக்கியோவிலும் என்ன வாங்கினார்?

பெங்களூரு சுற்றுக்கு இரட்டை மதிப்பெண். மார்ச்சில் போர்வெல் வற்றி, டேங்கர் சத்தம் கேட்டாலே பால்கனிக்கு ஓடினோமே, அந்த நாட்களிலிருந்து நிறைய வரும். குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது ஞாபகம் இருக்கிறதா? அந்த மாதிரிக் கேள்விகள்தான்.

தேர்தல் பற்றி இரண்டே கேள்வி. எத்தனை கட்டம், முடிவு என்றைக்கு, அவ்வளவுதான். கட்சிச் சண்டையை மொட்டை மாடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

கன்னட நண்பர்களையும் அழைத்து வாருங்கள், கேள்விகளைக் கன்னடத்திலும் வாசிப்போம். பஜ்ஜியும் காபியும் உண்டு.

அணிப் பெயர்களை வெள்ளி இரவுக்குள் இங்கேயே போடுங்கள். வெறும் கட்டைவிரல் மட்டும் போட்டால் வருகிறீர்களா இல்லையா என்றே புரிவதில்லை.