எங்கள் ஆட்டை மீண்டும் அசைபோட வைத்தவர்களுக்கு நன்றி

பெருமதிப்பிற்குரியோர் அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் வீட்டுப் பின்கட்டில் வளரும், செம்போரைக் கொடி என்னும் நாட்டினத்தைச் சேர்ந்த ஆடு, வாரக்கணக்கில் தீராத செரிமானக் கோளாறால் எலும்பும் தோலுமாகிப் போய், இப்போது தழைக்கட்டைக் கண்டதும் கயிற்றை இழுக்கும் அளவுக்குத் தேறியிருக்கிறது. உதவிய ஒவ்வொருவரையும் நேரில் கண்டு நன்றி சொல்லிவிட்டோம். ஆயினும் யார் என்ன செய்தார்கள் என்பது எழுத்திலும் இருக்கட்டும் என்று வீட்டில் எல்லோரும் விரும்பியதால் இம்மடலை எழுதுகிறேன்.

கோவில் கொடைத் திருவிழா முடிந்த மறுநாள், கட்டை அறுத்துக்கொண்டு போன ஆடு, பந்தியில் மிஞ்சிக் கிடந்த சோற்றை வயிறு முட்டத் தின்றுவிட்டது. மாவுச்சத்து மிகுந்த சோறு, ஆட்டின் முதல் இரைப்பையான பெருவயிற்றில் வெகு வேகமாகப் புளித்து அமிலமாக மாறும். அமிலம் ஏறினால் ஓரிரு நாளில் உயிரே போகலாம். 1962 என்ற எண்ணில் அழைத்ததும் கால்நடை ஊர்தியில் வந்த மருத்துவரும் உதவியாளரும் சமையல் சோடாக் கரைசலைக் குழாய் வழியே உள்ளே செலுத்தி, நரம்பில் உப்புநீர் ஏற்றி, அன்றைய கண்டத்திலிருந்து அதை மீட்டுத் தந்தார்கள். முதல் நன்றி அவர்களுக்கு.

உயிர் தப்பியதே தவிர ஆடு தீனி எடுக்கவில்லை. அசைபோடுவது அறவே நின்றது. ஒரு நாள் நாற்றமடிக்கும் கழிச்சல், மறுநாள் ஒன்றுமே இல்லை. குடற்புழு மருந்து, கழிச்சல் மாத்திரை, வெற்றிலையும் மிளகும் இடித்த உருண்டை என்று அவரவர் அன்போடு சொன்ன எல்லாவற்றையும் கொடுத்தோம். எதற்கும் வயிறு அசைந்து கொடுக்கவில்லை.

எங்கள் அரசு கால்நடை மருந்தகத்தின் மருத்துவர் அம்மா, இன்னொரு மருந்தை எழுதித் தராமல், இடது விலாவுக்குப் பின்னால் பள்ளமாக இருக்கும் பசிக்குழியில் கேட்புக்குழலை வைத்து நெடுநேரம் கேட்டார். நலமான ஆட்டுக்கு அங்கே நிமிடத்துக்கு ஓரிரு முறை இரைச்சல் எழும்பி அடங்கும். எங்கள் ஆட்டுக்கு அது அரிதாகவே கேட்டது. பின்னர் குழாய் விட்டுப் பெருவயிற்று நீரைச் சிறிது எடுத்து, முகர்ந்து பார்த்து, ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்து, என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். ஓரணு உயிர்கள் மொய்த்துக்கொண்டிருக்க வேண்டிய அந்தத் துளியில் ஒன்றுகூட நகரவில்லை. தழையைச் செரிக்க வைக்கும் நுண்ணுயிர்க் கூட்டமே அமிலத்தில் மடிந்து போயிருந்தபோது எந்த மருந்து என்ன செய்யும்? “பாலுக்கு உறை ஊற்றுவது போல இதற்கும் உறை ஊற்ற வேண்டும்” என்றார் அவர். அந்த நுண்ணுயிர்கள்தாம் ஆட்டுக்கு வேண்டிய பி வைட்டமின்களையும் உண்டாக்குகின்றன என்பதால், மூளை பாதிக்கப்படாதிருக்க வைட்டமின் பி1 ஊசியும் போட்டார்.

உறை என்பது நலமான வேறோர் ஆட்டின் பெருவயிற்று நீர். அது ஆறிப்போவதற்குள், காற்றுப்படக் கிடந்து வீணாவதற்குள் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். கறிக்கடை பாய் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில், கடைக்கு மூச்சுவிட நேரமில்லாத வேளையில், எங்களுக்காக வேலையை நிறுத்திவைத்தார். அறுப்புக்கு முன் ஆட்டை மருத்துவர் அம்மா பார்த்து நலமென்று சொன்ன பிறகு, பாயே வயிற்றைத் திறந்து, உள்ளே இருந்ததைப் பழைய வேட்டித் துணியில் அள்ளிப் பிழிந்து கொடுத்தார். பச்சையும் பழுப்புமாக இளஞ்சூட்டோடு இறங்கிய அந்த நீரைப் பக்கத்து வீட்டு அத்தை தந்த காப்பிப் பிளாஸ்க்கில் பிடித்துக்கொண்டோம். ஆட்டோ அண்ணன் சவாரியை விட்டுவிட்டு வாசலில் காத்திருந்தார். பாய் காசு வாங்கவில்லை. எப்படியும் கொட்டப் போவதுதானே என்று சொல்லிவிட்டார்.

வாயில் ஊற்றினால் புரையேறி நுரையீரலுக்குள் இறங்கக்கூடும் என்பதால், ஏறக்குறைய முக்கால் லிட்டரை மருத்துவர் அம்மாவே குழாய் வழியாகச் செலுத்தினார். அடுத்து வந்த நாள்களிலும் பாய் சலிக்காமல் எடுத்து வைத்தார். ஒரு நாள் மாலை, ஆட்டின் கழுத்தில் ஓர் உருண்டை கீழிருந்து மேலேறுவதை எங்கள் ஆச்சிதான் முதலில் கண்டார். மறுகணம் தாடை பக்கவாட்டில் அரைக்கத் தொடங்கியது. பிறகு புழுக்கை தனித்தனியாக, பளபளப்பாக விழுந்தது. ஆட்டுப்புழுக்கையைப் பார்த்து ஒரு குடும்பமே மகிழ்ந்தது என்றால் ஆடு வளர்க்காதவர்கள் சிரிப்பார்கள்.

தேறும்வரை நாள்தோறும் அகத்தித் தழை ஒடித்துத் தந்த தோட்டத்துத் தாத்தாவுக்கும், காய்ந்த கடலைக்கொடி கொடுத்த மதினிக்கும், இனி மிஞ்சும் சோற்றைக் குழிவெட்டி மூடுவதாக ஒப்புக்கொண்ட கொடைக் குழுவினருக்கும் எங்கள் நன்றி. அத்தைக்கு மட்டும் கடன் பாக்கி நிற்கிறது. பழைய பிளாஸ்க்கை எத்தனை முறை கழுவிக் கொடுத்தாலும் வாங்க மாட்டேன் என்கிறார். புதியது வாங்கி வைத்திருக்கிறோம், மறுக்காமல் பெற்றுக்கொள்ள வேண்டும்.

நன்றியுடன்,
ஆட்டுக்கார வீட்டார்,
பாளையங்கோட்டை