கடைத்தொகுதிக் கட்டுமானத் தூசி: ஞாயிறு கூட்டம்

உவர்மலைக் குடியிருப்பாளர் குழு அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நமது வீதி முனையிலுள்ள பழைய கடைத்தொகுதியை இடித்துப் புதிய வணிக வளாகம் கட்டும் பணி ஆரம்பித்துள்ள நிலையில், கச்சான் காற்று வீசும் இம்மாதங்களில் அங்கிருந்து எழும் தூசி வீடுகளுக்குள் படிவது குறித்து, எதிர்வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை 4.30 மணிக்குச் சனசமூக நிலையத்தில் ஒப்பந்தகாரரின் மேற்பார்வையாளருடன் பேசவுள்ளோம். கண்ணுக்குத் தெரியும் புழுதியைவிட, 10 மைக்ரோமீற்றருக்கும் குறைந்த நுண்துகள்களே நுரையீரல்வரை செல்வதால், மாலையில் ஒருமுறை வீதிக்குத் தண்ணீர் தெளிப்பதை மட்டும் தீர்வாக ஏற்க இயலாது. இடிக்கும்போதே கொங்கிறீற்றின்மீது தண்ணீர் பீய்ச்சுதல், சுற்றிலும் வலைத்திரை கட்டுதல், மணல் லொறிகளைப் படங்கினால் மூடுதல், வாயிலில் சில்லுகளைக் கழுவுதல் ஆகியவற்றைக் கோரவுள்ளோம்.

1. தூசி எழும் நேரத்தைத் திகதியுடன் குறித்து, படத்தோடு இக்குழுவில் இடவும். வேலையாட்களின் முகங்களைப் படமெடுக்க வேண்டாம். நம்மைவிட அதிகமாக அத்தூசியைச் சுவாசிப்பவர்கள் அவர்களே.
2. ஆஸ்துமா நோயாளரோ கைக்குழந்தையோ உள்ள வீட்டினர் எனக்குத் தனியாக அறிவிக்கவும்.
3. மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் அனுப்பவுள்ள கடிதத்தில் அன்று கையொப்பமிடவும்.

வருகையை வெள்ளிக்கிழமை இரவுக்குள் அறியத்தரவும்.

செயலாளர்