பீலிக்கரையிலிருந்து மகளுக்கு

அன்புள்ள மகளுக்கு,

கோர்க்காவிலிருந்து நீ எழுதிய கடிதம் கிடைத்தது. மூன்று வாரமாகியும் ஒரு முழத் தண்ணீர்க் குழாய்கூடப் புதைக்கவில்லை, தினமும் கூட்டம்தான், இதற்காகவா நேபாளம் வரை வந்தேன் என்று சலித்துக்கொண்டிருக்கிறாய். அப்பா இரண்டு தரம் வாசித்துவிட்டு, "பிள்ளையைத் திரும்பி வரச் சொல்" என்றார். நான் சொல்ல மாட்டேன்.

உனக்கு மூன்று வயதிருக்கும்போது நம் தேயிலைத் தோட்டத்துக்குத் தண்ணீர் கொடுக்க வெளியிலிருந்து ஒரு குழு வந்தது. நல்ல மனிதர்கள். அட்டைக்கடியிலும் மழையிலும் நின்று உழைத்தார்கள். ஆனால் வேன் வந்து நிற்கிற இடமாகப் பார்த்து, கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்குப் பக்கத்தில் குழாயை நட்டார்கள். கொழுந்துக் கூடையை இறக்கிய கையோடு மேல் லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் எந்தப் பக்கம் குடத்தைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. உன் தம்பியை வயிற்றில் சுமந்துகொண்டு நான் ஊற்றுத் தண்ணீர் விழுகிற பழைய பீலிக்கேதான் ஏறி இறங்கினேன். அடுத்த ஐப்பசி மழையில் மண் சரிந்து குழாய் உடைந்தது. பொருத்தத் தெரிந்தவர்கள் அதற்குள் தங்கள் நாட்டுக்குப் போய்விட்டார்கள்.

1823 இல் நம்மவர்கள் இந்தியாவிலிருந்து இலங்கையில் முதன்முதல் வந்து இறங்கிய காலந்தொட்டு, லயம் எங்கே, பீலி எங்கே, காலையில் வேலைக்குப் பெயர் கூப்பிடுகிற பிரட்டு எத்தனை மணிக்கு என்று எல்லாவற்றையும் நமக்காக வேறு யாரோதான் தீர்மானித்தார்கள். அந்தக் குழுவும் அன்போடு அதையேதான் செய்தது. அதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

பிறகு நாமே போட்ட குழாய் உனக்கு நினைவிருக்கும். வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகிற பிள்ளைக்காம்பராவில் ஏழு கூட்டம் நடந்தது. எந்த லயத்துக்கு முதலில் தண்ணீர் என்று சண்டை, அழுகை. கடைசியில் வீட்டுக்கு ஒருவர் ஞாயிற்றுக்கிழமை மண்வெட்டியோடு வருவது, மாதம் 50 ரூபாய் போடுவது என்று முடிவானது. வாசர் மாற்றவும் தொட்டி கழுவவும் இரண்டு பெண்கள் பழகிக்கொண்டார்கள். இன்றும் எங்கேயாவது ஒழுகினால் அவர்களில் ஒருத்தி ஸ்பானரோடு வந்து நிற்கிறாள்.

2015 நிலநடுக்கத்துக்குப் பிறகு அங்கே பல ஊற்றுகள் வற்றிவிட்டன, சில வேறிடத்தில் கிளம்பியிருக்கின்றன என்று எழுதியிருக்கிறாய். அப்படியானால் கடும் கோடையிலும் எந்த ஊற்று ஓடும் என்பது அந்தச் சரிவில் ஆடு மேய்க்கிற கிழவிக்குத்தான் தெரியும், உன் அளவுகோலுக்குத் தெரியாது. அவர் கூட்டத்துக்கு வருகிறாரா? வந்தால் பேச விடுகிறார்களா? 1993 ஆம் ஆண்டுச் சட்டத்தால் அங்கே காட்டையே ஊர்க்குழுக்களிடம் ஒப்படைத்தார்கள் என்று நீதானே சொன்னாய்? காட்டைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்குக் குழாய் எங்கே வேண்டும் என்று பேசித் தீர்க்கத் தெரியாதா? அவர்கள் பேசட்டும். நீ தரையில் உட்கார்ந்து கேள். பாஷை புரியாத நாளில் அடுப்படிக்குப் போய் அந்தப் பெண்களோடு திண்டோ என்கிற மாவுக் களி கிண்டு.

இரவில் காதை மூடிக்கொண்டு படு, குளிர் உனக்கு ஒத்துக்கொள்ளாது. தேயிலைத்தூள் அரைக் கிலோ அனுப்பியிருக்கிறேன், நீ தங்கியிருக்கிற வீட்டு அம்மாவுக்கும் கொடு.

நீ புறப்பட்ட பிறகு அங்கே ஸ்பானர் யார் கையில் இருக்கும்? அந்தப் பெண்ணின் பெயரை அடுத்த கடிதத்தில் எழுது.

இப்படிக்கு,
அம்மா
பொகவந்தலாவை