இத்தாலிக்கு அம்மாவின் முழங்காலோடு போய் வந்தோம்

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில் இத்தாலி பயணம் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எட்டு நாளில் ஏழு ஊர், காலை ஏழு மணிக்கு இது, பத்தரைக்கு அது என்று மணிக்கணக்கு வேறு போட்டிருந்தார். எழுதியவருக்குக் கால் இரண்டும் நன்றாக இருக்கிறது, சந்தோஷம். குடும்பத்தோடு போகிற எல்லோருக்கும் அப்படி இருக்காதே என்றுதான் இதை எழுதுகிறேன்.

போன மே மாதம் நாங்களும் போனோம். நான், வீட்டுக்காரர், ஏழாவது முடித்த பையன், அப்புறம் 71 வயது அம்மா. ஒரு டூர் கம்பெனி கொடுத்த திட்டம் ஏறக்குறைய உங்கள் கட்டுரையேதான். அம்மாவுக்கு இரண்டு முட்டியும் தேய்மானம், டாக்டர் படி ஏறாதே என்று சொல்லி மூன்று வருஷம் ஆகிறது. அந்தக் காகிதத்தை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "இதுல உட்கார்ற நேரம் எங்கடி?" என்றார். அதோடு டூர் கம்பெனி போயிற்று. ரோம் நான்கு நாள், ஃபுளோரன்ஸ் இரண்டு நாள், வெனிஸ் மூன்று நாள், கடைசியாக அம்மா கேட்ட ஒரு சின்ன ஊர் என்று நாங்களே திட்டம் போட்டோம். மிலானும் நேப்பிள்ஸும் போகவில்லை. ஒன்றும் குறைந்துவிடவில்லை.

எந்த இடத்துக்குப் போனாலும் அம்மா முதலில் கேட்பது "எத்தனை படி?", அடுத்தது "பாத்ரூம் எங்கே?". முதல் கேள்விக்குப் பதில் தேடுவதே பையனுக்கு வேலையாகிவிட்டது. வாடிகனில் புனித பேதுரு பேராலயத்துக் குவிமாடத்துக்கு 551 படி, லிஃப்டில் பாதி போனாலும் மிச்சம் 320. ஃபுளோரன்ஸ் கதீட்ரல் குவிமாடத்துக்கு 463 படி, லிஃப்டே கிடையாது. "மலைக்கோட்டைக்கே நான் ஏறி பத்து வருஷமாச்சு" என்று அம்மா இரண்டையும் கீழே நின்றே கும்பிட்டுவிட்டார். கொலோசியத்தில் லிஃப்ட் இருக்கிறது, முடியாதவர்களுக்கு விடுகிறார்கள், கேட்டு வாங்க வேண்டும். இன்னொன்று, 18 வயதுக்குக் கீழே இருந்தால் அரசாங்க அருங்காட்சியகங்களில் கட்டணம் இல்லை, வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். ஆனால் கொலோசியம் மாதிரி இடங்களில் அதற்கும் நேரம் போட்டுச் சீட்டு எடுத்தே ஆக வேண்டும். நாங்கள் வேண்டாம் என்ற டூர் கம்பெனி பையனுக்கும் முழுக் கட்டணம் போட்டிருந்தது.

ரோமில் அம்மாவுக்குப் பிடித்தது கொலோசியம் இல்லை, தெருக் குழாய். நம் ஊர் தபால் பெட்டி உயரத்துக்கு இரும்பில் ஒரு தூண், அதில் வளைந்த மூக்கு, அதிலிருந்து ராத்திரி பகல் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். 'நசோனி' என்கிறார்கள், பெரிய மூக்கு என்று அர்த்தமாம். 1874 வாக்கில் வைக்க ஆரம்பித்தது, இன்றைக்கும் ஊர் முழுக்க சுமார் 2,500 இருக்கிறது. மூக்கின் நுனியை விரலால் அடைத்தால் மேலே உள்ள சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும், குனியாமலே குடிக்கலாம். குனிய முடியாத அம்மாவுக்கு இதைக் காட்டிக் கொடுத்தது தெருவில் பந்து விளையாடிக்கொண்டிருந்த ஒரு பொடியன். முதல் தடவை முகமெல்லாம் நனைந்து, புடவை முந்தானையால் துடைத்துக்கொண்டு, "மறுபடி அடைடா" என்று நின்றார். இவ்வளவு தண்ணீர் வீணாகிறதே என்று எனக்குத்தான் மனசு அடித்துக்கொண்டது. நாங்கள் முதல் நாள் மட்டும்தான் தண்ணீர் பாட்டிலுக்குக் காசு கொடுத்தோம்.

ரோமில் இருக்கும் பழங்காலக் கோயிலான பாந்தியனைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரே ஒரு வரி, "இருபது நிமிடம் போதும்" என்று. நாங்கள் ஒன்றரை மணி நேரம் இருந்தோம், காரணம் உள்ளே பெஞ்சு இருந்தது. அண்ணாந்து பார்த்தால் கம்பி வைக்காத கான்கிரீட்டில் 43 மீட்டருக்கு மேல் அகலமான கூரை. கட்டி 1,900 வருஷம் ஆகிறது. நடுவில் ஒன்பது மீட்டர் அளவுக்குத் திறந்த வட்டம், அது வழியாக விழும் வெயில் சுவரில் மெல்ல மெல்ல நகர்கிறது. இருபது நிமிஷத்தில் கிளம்பியிருந்தால் அது நகர்வதே தெரிந்திருக்காது. மழை பெய்தால் என்ன செய்வார்கள் என்று பையன் கேட்டான். தரை நடுவில் லேசாகப் புடைத்திருக்கிறது, அங்கங்கே சின்னச் சின்ன ஓட்டை, தண்ணீர் வழிந்து போய்விடும். முற்றம் வைத்த வீட்டில் பிறந்த அம்மாவுக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

சாப்பாட்டுக்கு வருகிறேன். அம்மா சைவம். பீட்சாவும் பாஸ்தாவும் கிடைக்கும், கவலையே இல்லை என்று எல்லோரும் சொல்லி அனுப்பினார்கள். பார்மிஜானோ சீஸுக்குப் பாலை உறைய வைப்பது கன்றுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கும் ஒரு பொருளால் என்று ஒருவரும் சொல்லவில்லை. அங்கே அது எல்லாவற்றின் மேலும் தூவி வரும். மரினாரா பீட்சா என்று பட்டியலில் பார்த்து மீன் என்று பயந்து தள்ளிக்கொண்டே போனோம். கடைசியில் பார்த்தால் தக்காளி, பூண்டு, எண்ணெய் அவ்வளவுதான், சீஸ்கூடக் கிடையாது, அம்மாவுக்கென்றே செய்த மாதிரி. மாறாக ரோமில் பூசணிப் பூ பஜ்ஜி மாதிரி ஒன்று விற்கிறார்கள். மார்கழியில் சாணி உருண்டையில் செருகி வைக்கிற பூவை இவர்கள் பொரித்துத் தின்கிறார்களே என்று ஆசையாக வாங்கப்போனார், நல்ல வேளை கேட்டேன், உள்ளே நெத்திலி மீன். வெனிஸில் பொலெந்தா என்று மக்காச்சோள மாவைக் கிண்டி வைத்தார்கள். "களிடி இது" என்று அம்மா அதற்கப்புறம் மூன்று நாளும் வேறு எதையும் தொடவில்லை. பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் எல்லாம் கொண்டுபோகலாம். நெய் வேண்டாம், பால் பொருட்களை ஐரோப்பிய யூனியனுக்குள் விடுவதில்லை.

காப்பியைக் கவுண்டரில் நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்து குடித்தால் இன்னொரு விலை, சில இடங்களில் இரண்டு மடங்குக்கு மேல். அம்மா உட்கார்ந்தே ஆக வேண்டும். பல சாப்பாட்டுக் கடைகளிலும் உட்காருவதற்கு 'கோபெர்த்தோ' என்று தலைக்கு இரண்டு மூன்று யூரோ பில்லில் ஏறும். முழங்கால் வரி என்று வீட்டுக்காரர் தனியாகக் கணக்கு எழுதிவந்தார். ஆனால் உட்காரக் காசு கொடுத்தால் பாத்ரூம் பிரச்சினையும் தீர்ந்துவிடுகிறது என்பதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

ஃபுளோரன்ஸிலிருந்து பைசாவுக்குப் போகும்போது ஒரு கூத்து. உள்ளூர் ரயிலுக்குக் காகித டிக்கெட் வாங்கினால், பிளாட்பாரத்தில் இருக்கும் சின்ன மெஷினில் செருகித் தேதி குத்திக்கொண்டுதான் ஏற வேண்டும். நாங்கள் குத்தவில்லை. டிக்கெட்தான் இருக்கிறதே என்று தைரியமாக நீட்டினோம், பரிசோதகர் நீளமாக ஏதோ சொல்லி அபராதப் புத்தகத்தை எடுத்தார். அம்மா முட்டியில் உறை மாட்டிக்கொண்டு காலை நீட்டி உட்கார்ந்திருந்ததைப் பார்த்தாரோ என்னவோ, புத்தகத்தை மூடிவிட்டு டிக்கெட்டின் மேல் பேனாவால் தேதியும் நேரமும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். எல்லோருக்கும் இந்த அதிர்ஷ்டம் கிடைக்காது, தப்பு எங்கள் பேரில்தான். பைசாவில் பார்க்க வேண்டியது சாய்ந்த கோபுரத்தைவிட அதன் எதிரே நூறு பேர் ஒரே சமயத்தில் காற்றைத் தள்ளிக்கொண்டு போட்டோவுக்கு நிற்பதைத்தான். "கையை எடுத்தா விழுந்துடுமா?" என்றார் அம்மா.

வெனிஸுக்குப் போகிறவர்கள் ஓட்டலைத் தேர்ந்தெடுக்கும்போது நட்சத்திரத்தைப் பார்க்காதீர்கள், பாலத்தைப் பாருங்கள். ஸ்டேஷனிலிருந்து பக்கம், இரண்டே பாலம் என்று எங்களுக்குச் சொன்னார்கள். ஒவ்வொரு பாலமும் படி ஏறிப் படி இறங்குவது. வண்டி கிடையாது, ஆட்டோ கிடையாது. மூன்று பெட்டியையும் ஒவ்வொன்றாகத் தூக்கி அந்தப் பக்கம் வைத்துவிட்டு, திரும்பி வந்து அம்மாவைக் கைத்தாங்கலாக ஏற்றினோம். மறுநாள் முதல் படகு பஸ்தான். 75 நிமிஷத்துக்கு 9.50 யூரோ என்பது பகல் கொள்ளை, நாள் கணக்கில் சீட்டு எடுத்தால் பரவாயில்லை. ஒரு மத்தியானம் முழுக்க எங்கேயும் இறங்காமல் படகிலேயே சுற்றினோம். பையன் தூங்கிவிட்டான். அம்மா இரண்டு கரையும் பார்த்துக்கொண்டே வந்தார்.

இனி அம்மா கேட்ட அந்தச் சின்ன ஊர். இத்தாலிக்குத் தமிழர்கள் போவதற்கான பக்கத்தில் அந்தப் பேரே இல்லாததுதான் என் வருத்தம். ஊர் பேர் காஸ்திலியோனே தெல்லே ஸ்திவியேரே. வீரமாமுனிவர் 1680-இல் பிறந்த ஊர்.

அம்மா பிறந்தது திருமானூர். ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோயில் பக்கத்தில்தான். நாங்கள் இந்துக்கள்தான், ஆனால் அம்மா அங்கே மெழுகுவர்த்தி ஏற்றாத வருஷம் கிடையாது. அந்தக் கோயிலைக் கட்டிய சாமியார் தமிழ் படித்த வெள்ளைக்காரர் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர். "அவர் அவ்வளவு தூரம் வந்தார், நாம ஒரு தடவை போகக்கூடாதா" என்றார். வெனிஸிலிருந்து மிலான் போகும் பாதையில் டெசென்சானோ ஸ்டேஷனில் இறங்கி, அங்கிருந்து பஸ். அமைதியான ஊர், சுற்றுலாக்காரர் என்று எங்களைத் தவிர ஒருவரையும் காணோம். அவர் பேரில் அங்கே என்னென்ன இருக்கிறது என்று முழுக்கத் தேடிப் பார்க்க அம்மாவின் கால் விடவில்லை, சதுக்கத்தில் ஒரு காப்பிக் கடையில் உட்கார்ந்துவிட்டோம்.

கடைக்காரருக்கு வயது அம்மா அளவு இருக்கும். போனில் மொழிபெயர்த்து, வீரமாமுனிவரின் சொந்தப் பேரான பெஸ்கி என்று சொல்லிப் பார்த்தோம். உதட்டைப் பிதுக்கினார். பையன் ஒரு காகிதத் துடைப்பானை எடுத்து அதில் எ, ஏ என்று இரண்டு எழுத்தைப் பெரிதாக எழுதினான். பழைய ஓலையில் இந்த இரண்டுக்கும் ஒரு புள்ளிதான் வித்தியாசம், ஓலை கிழியும் என்று அதையும் வைக்காமல் விட்டுவிடுவார்கள், குறிலா நெடிலா என்று படிப்பவர்தான் ஊகிக்க வேண்டும்; ஏகாரத்துக்குக் காலை இழுத்துவிட்டு வேறுபடுத்தியவர் உங்கள் ஊர்க்காரர் என்று, பள்ளிக்கூடத்தில் படித்ததைத் துண்டு துண்டாகச் சொன்னான். போன் அதை எப்படி மொழிபெயர்த்ததோ தெரியாது. அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஏ-யின் காலை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு அந்தத் துடைப்பானைக் கல்லாவுக்குப் பின்னால் இருந்த கண்ணாடியில் செருகி வைத்தார். காப்பிக்குக் காசு வாங்கினார், அது வேறு விஷயம்.

அவர்தான் எங்களைச் செஞ்சிலுவை அருங்காட்சியகத்துக்குப் போகச் சொன்னது. 1859 ஜூன் 24 அன்று பக்கத்தில் சொல்ஃபெரினோவில் நடந்த சண்டையில் அடிபட்டவர்கள் ஆயிரக்கணக்கில் இந்த ஊருக்கு வந்து குவிந்தபோது, எந்தப் பக்கத்துச் சிப்பாய் என்று பார்க்காமல் ஊர்ப் பெண்கள் தண்ணீர் கொடுத்துக் கட்டுப் போட்டார்களாம். 'துத்தி ஃப்ரதெல்லி', எல்லோரும் சகோதரர்கள் என்பது அவர்கள் சொன்னது. அங்கே இருந்த சுவிஸ் வியாபாரி ஹென்றி துனான்ட் மனதில் செஞ்சிலுவைச் சங்க யோசனை பிறந்தது இதைப் பார்த்துத்தான். உள்ளே குதிரை பூட்டிய பழைய ஆம்புலன்ஸ் வண்டி வைத்திருக்கிறார்கள். அம்மா அதன் படிக்கட்டு உயரத்தைத்தான் முதலில் பார்த்தார். "அடிபட்டவன் இதுல எப்படி ஏறுவான்?" என்று கேட்டதற்கு எங்களிடம் பதில் இல்லை. அந்த ஊர்க் கோயிலில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினார், யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

உங்கள் இணைப்பில் அடுத்த முறை இத்தாலி பற்றி எழுதினால் இந்த ஊரையும் போடுங்கள், கூடவே எங்கே எத்தனை படி, எங்கே உட்காரலாம் என்றும். ஞாயிற்றுக்கிழமை போக வேண்டாம் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். நாங்கள் அன்றைக்குத்தான் போனோம், திரும்பி வர பஸ்ஸுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம். நிறுத்தத்தில் பெஞ்சு இருந்தது.

இப்படிக்கு,
வாசகி,
ஸ்ரீரங்கம்.