மண் தின்னும் பிள்ளைக்கு மாத்திரை மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

குடற்புழு நீக்க முகாம் பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். எத்தனை பிள்ளைகளுக்கு மாத்திரை கொடுத்தார்கள் என்ற கணக்கு அதில் இருந்தது. அப்படிப்பட்ட கணக்கை வருடாவருடம் எழுதிக் கொடுத்தவள் நான். வாணியம்பாடியைச் சுற்றியுள்ள ஊர்களில் இருபத்தாறு வருடம் கிராம சுகாதாரச் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் ஆந்திர எல்லை. பாதி வீடுகளில் தமிழ், பாதி வீடுகளில் தெலுங்கு. இரண்டு மொழியிலும் தாய்மார்கள் என்னிடம் கொண்டுவந்த குறை ஒன்றுதான். “நர்ஸம்மா, பிள்ளை மண்ணைத் தின்னுது” என்பார்கள். “மன்னு தின்ட்டாடம்மா” என்பார்கள்.

ஒரு பையன் இன்னும் கண்ணிலேயே நிற்கிறான். ஐந்து வயது இருக்கும். டேனரி, அதாவது தோல் பதனிடும் ஆலையின் கழிவுத் தண்ணீர் ஓடிய கால்வாய்க்குப் பக்கத்து வீடு. கண் இமையை இழுத்துப் பார்த்தால் வெள்ளைத் துணி மாதிரி வெளுத்திருக்கும். வயிறு மட்டும் முன்னால் தள்ளியிருக்கும். கால்வாய்க் கரை மண்ணை விரலால் சுரண்டிச் சுரண்டித் தின்பான். குடற்புழு மாத்திரையான அல்பெண்டசோல் கொடுத்தேன், இரும்புச்சத்து டானிக் கொடுத்தேன், கையைக் கழுவச் சொன்னேன். ஆறு மாதத்தில் மறுபடியும் அதே வெளுப்பு, அதே பூச்சி. திரும்பவும் மாத்திரை கொடுத்தேன். அவன் தின்ற மண்ணில் புழு முட்டை இருக்கும் என்று எனக்குத் தெரியும். வேறு என்ன இருக்கும் என்று அன்றைக்கு நான் யோசிக்கவே இல்லை. அந்த வருத்தம்தான் இந்தக் கடிதத்தை எழுத வைக்கிறது.

தோல் பதனிடப் பயன்படும் குரோமியம் என்ற உலோகத்தால்தான் அவனுக்கு அப்படி ஆனது என்று நான் சொல்ல வரவில்லை. அவன் ரத்தத்தில் என்ன உலோகம் இருந்தது என்று யாருமே பார்க்கவில்லையே, அதைத்தான் சொல்கிறேன். உலோகம் உடம்பில் ஏறினால் புழுவை எதிர்க்கும் சக்தி கெடுமா என்பதுதான் என் கேள்வி.

புழுவை எதிர்க்க நம் உடம்புக்குத் தனியாக ஒரு ஏற்பாடு உண்டு. இயோசினோபில் என்ற வெள்ளை அணுக்கள், ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள், குடலில் சுரக்கும் சளி, எல்லாம் சேர்ந்து புழுவை வெளியே தள்ளப் பார்க்கும். மலேரியா மாதிரி அணுக்களுக்குள் புகுந்துகொள்ளும் ஒட்டுண்ணிக்கு வேறு விதமான எதிர்ப்பு வேண்டும். எதற்கு எந்தப் படையை அனுப்புவது என்று முடிவு செய்பவை டி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்கள். ஈயம், காட்மியம், பாதரசம், ஆர்செனிக் எல்லாமே இந்த இடத்தில் கை வைக்கின்றன. ஈயம் டி செல்களின் சமநிலையை ஒரு பக்கமாகச் சாய்ப்பதை எலிகளில் பார்த்திருக்கிறார்கள். குறைந்த அளவு பாதரசம் கொடுத்த எலிகளுக்கு மலேரியாவுக்கு எதிரான பாதுகாப்பு சரியாக உருவாகவில்லை என்று 2000-ல் ஓர் ஆய்வு வந்தது. அமேசான் தங்கச் சுரங்கப் பகுதிகளில் பாதரசமும் மலேரியாவும் ஒரே இடத்தில் இருப்பதைப் பார்த்துத்தான் அந்தக் கேள்வியே எழுந்தது. குரோமியத்துக்கு நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. ஆறு இணைதிறன் குரோமியம் என்ற, நச்சு அதிகமான குரோமிய வகை கலந்த நீரில் வளர்த்த ஜிலேபிக் கெண்டை மீன்களுக்கு நோய் எதிர்ப்பு குறைந்ததை மதுரை ஆய்வாளர்கள் காட்டினார்கள். அங்கே வந்த நோய் பாக்டீரியாவால் வந்தது, புழுவால் அல்ல. ஆனாலும் நாம் குடிக்கிற தண்ணீரில் கலக்கும் அதே உலோகம்தான் அது.

மாறாக வந்த முடிவும் உண்டு, அதை மறைக்கக் கூடாது. ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டில், ரத்தத்தில் ஈயம் அதிகமாக இருந்த கைக்குழந்தைகளுக்கு மலேரியா குறைவாக வந்ததாக 2016-ல் ஓர் ஆய்வு சொன்னது. இதைக் கேட்டு யாரும் ஆறுதல் அடைய வேண்டாம். ஈயம் பிள்ளையின் மூளையைக் கெடுக்கும். அதில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். எந்த உலோகம் எந்த ஒட்டுண்ணியை எப்படிப் பாதிக்கும் என்பது ஊருக்கு ஊர் பார்த்துத்தான் தெரிய வேண்டும். நம் ஊரில் பார்க்கவே இல்லை.

என்னை அதிகம் உறுத்துவது ரத்தசோகைதான். கொக்கிப்புழு குடலில் ரத்தத்தைக் குடிக்கும். உடம்பில் இரும்பு குறையும். இரும்பை உள்ளே இழுக்கும் அதே வாசல் வழியாகத்தான் ஈயமும் காட்மியமும் நுழைகின்றன. இரும்பு குறைந்தால் அந்த வாசல் இன்னும் அகலமாகத் திறக்கும், விஷமும் கூடுதலாக உள்ளே போகும். ரத்தசோகை வந்த பிள்ளைக்கு மண், பல்பம், சாம்பல் தின்னும் ஆசையும் வரும். மண்ணில் புழு முட்டையும் இளம்புழுவும் இருக்கும், உலோகமும் இருக்கும். அப்புறம் மறுபடியும் புழு. அந்தப் பையன் இந்தச் சுற்றில்தான் மாட்டிக்கொண்டிருந்தானோ என்று இப்போது நினைக்கிறேன்.

பாலாற்றை டேனரிக் கழிவு கெடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியாவில் வேரூன்றியதில் இந்த வேலூர் வழக்குக்குப் பெரிய பங்கு உண்டு. 2025 ஜனவரி 30 அன்று மறுபடியும் ஒரு தீர்ப்பு வந்தது, கண்காணிக்கக் குழு அமைக்கச் சொன்னது. ராணிப்பேட்டையில் 1990-களில் மூடிய ஓர் ஆலையின் குரோமியக் கழிவு மட்டும் ஏறக்குறைய ஒன்றரை லட்சம் டன். இவ்வளவும் தண்ணீர், நிலம், இழப்பீடு என்ற பேச்சாகவே போகிறது. குழந்தையின் ரத்தம் சுகாதாரத் துறையின் பாடு, கால்வாய் மண் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பாடு என்று பிரித்து வைத்திருக்கிறோம்.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. தேசிய குடற்புழு நீக்க நாள் பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 என்று வருடம் இரண்டு முறை வருகிறது. 1 முதல் 19 வயது வரை எல்லாப் பிள்ளைகளும் ஒரே இடத்துக்கு வருகிறார்கள். பாலாற்றங்கரை ஊர்களில் அன்றைக்கே சில பிள்ளைகளுக்காவது ஹீமோகுளோபினும் ரத்தத்தில் ஈயமும் சிறுநீரில் குரோமியமும் பாருங்கள். அங்கன்வாடி முன்னால் பிள்ளைகள் விளையாடும் மண்ணையும், குடிக்கும் போர்வெல் தண்ணீரையும் சோதியுங்கள். குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. பாலாறு எல்லைக்கு இரண்டு பக்கமும் ஓடுவதால் ஆந்திராவின் குப்பம் பக்கத்து அதிகாரிகளும் சேர்ந்து செய்தால் நல்லது.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. மாத்திரை வேண்டாம் என்று இதை எடுத்துக்கொள்ளாதீர்கள், அதை அவசியம் கொடுங்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்தால் புழு முட்டை சாகும், உலோகம் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட உலோகத்தின் அடர்த்தி இன்னும் கூடத்தான் செய்யும். கேழ்வரகு, முருங்கைக்கீரை, பால் என்று இரும்பும் சுண்ணாம்புச்சத்தும் உள்ள சாப்பாட்டைக் கொடுத்தால் ஈயம் உள்ளே ஏறுவது குறையும். பிள்ளை மண் தின்றால் அடிக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போங்கள். எந்த இடத்து மண் என்பதையும் அங்கே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
வாணியம்பாடி வட்டம், திருப்பத்தூர் மாவட்டம்.