வீட்டுப் புல்தரை: விதை, உரம் மொத்தமாக வாங்குகிறோம்

அனைவருக்கும் வணக்கம். கோடை மழை ஒன்றிரண்டு பெய்துவிட்டதால், நம் கிருஷ்ணகிரி வெயிலில் காய்ந்து சொட்டையான புல்தரைகளைச் சரிசெய்ய இதுதான் நேரம். அருகம்புல் விதைக்குச் சூடான மண்தான் பிடிக்கும்.

வரும் ஞாயிறு காலை 6.30 மணிக்குப் பூங்கா வாசலில் விதையும் மக்கிய சாணி எருவும் பிரித்துத் தருகிறோம். பை கொண்டு வாருங்கள்.

1. விதை 100 சதுர அடிக்கு 100 கிராம் போதும். மண்ணைக் கிளறித் தூவி, மேலே கால் அங்குலத்துக்கு மேல் மூட வேண்டாம்.
2. முளைக்க இரண்டு, மூன்று வாரம் ஆகும். அதுவரை காலை, மாலை லேசாகத் தெளிக்கவும். ஹோஸ் வைத்து அடித்தால் விதை எல்லாம் சாக்கடைக்குப் போய்விடும்!
3. யூரியா பழைய புல்லுக்கு மட்டும், 100 சதுர அடிக்கு 50 கிராம். மாலையில் தூவி உடனே தண்ணீர் விடவும். காய்ந்த தரையில் போட்டால் புல் கருகும்.
4. மாமர நிழலில் அருகம்புல் வராது, அங்கே வீணாக்க வேண்டாம்.

வேண்டியவர்கள் வெள்ளி இரவுக்குள் வீட்டு எண், சதுர அடி இரண்டையும் இங்கே பதிவிடவும். கட்டைவிரல் மட்டும் காட்டினால் கணக்கு போட முடியாது.